ரோட்டோரம் நிற்கும் பழைய கல்லை எப்படி அடையாளம் காண்பது? சாலை விரிவாக்கத்தில் அது போய்விடும் என்றால் என்ன செய்வது?

வட மாவட்டக் கிராமம் ஒன்றில், ரோட்டிலிருந்து சில அடி தள்ளி, பாதி மண்ணில் புதைந்த ஒரு பலகைக்கல். அதில் வில் பிடித்த ஆள் உருவம், தலைக்கு மேலே தேய்ந்துபோன எழுத்து. ஊரில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், போர்டு எதுவும் கிடையாது, இப்போது ரோட்டை அகலப்படுத்த அளந்து குறி போட்டுவிட்டார்கள். அது என்ன கல், அதற்கு வரலாற்று மதிப்பு உண்டா, எடுத்துப் பத்திரமாக வேறு இடத்தில் வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்களாக எடுக்காதீர்கள், ஜேசிபி ஓட்டுபவரிடம் சொல்லி ஓரமாக நகர்த்தி வைப்பதுகூட வேண்டாம். காரணம் இருக்கிறது, அதைச் சொல்லக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது நடுகல்லாக, அதாவது சண்டையில் இறந்தவனுக்கு நட்ட நினைவுக்கல்லாக, இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் நடுகல்லுக்குப் பேர்போனவை. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களுக்கென்றே தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் தனியாக ஒரு நூல் வெளியிட்டது என்றால் எத்தனை கற்கள் அங்கே நின்றிருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கற்களில் பெரும்பாலானவை மாட்டுக்காக நடந்த சண்டையில் செத்தவர்களுக்கு நட்டவை. அன்றைக்கு மாடுதான் சொத்து, பக்கத்து ஊர்க்காரன் மந்தையை ஓட்டிக்கொண்டு போவதும் இவர்கள் துரத்திப்போய் மீட்பதும் சாதாரணமாக நடந்தது, அதில் விழுந்தவனுக்கு ஊர் கல் நட்டது. எழுத்து இருந்தால் வாசகம் ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கும்: இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டில், இன்ன ஊர்த் தொறுவை இன்னார் கொண்டபோது, அதை மீட்டுப் பட்டான் இன்னான், அவன் கல். தொறு என்பது மாட்டு மந்தை, பட்டான் என்பது இறந்தான். எழுத்து பெரும்பாலும் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்துமுறையில் இருக்கும், அதனால் இன்றைய தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு ஓர் எழுத்துகூடப் பிடிபடாமல் போகலாம். அதை வைத்து "இது தமிழே இல்லை, ஏதோ வேறு பாஷை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள், ஊர்களில் இது அடிக்கடி நடக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கல்லின் முதல் வரியில் பல்லவ அரசன் பெயர் வந்துவிட்டால் உடனே ஊரில் "மகேந்திரவர்மன் கல்வெட்டு" என்று பேர் வைத்துவிடுகிறார்கள். அரசன் பெயர் அங்கே வருவது காலத்தைச் சொல்வதற்காக, இன்றைக்கு நாம் தேதி போடுவதற்குப் பதிலாக. கல் யாருக்கு என்று பார்த்தால் அவன் ஒரு சேவகன், ஒரு ஊர்க்காவல்காரன், மாடு மேய்த்தவன். கோயில் கல்வெட்டில் தானம் கொடுத்தவர்கள், நிலம் வைத்திருந்தவர்கள், சபையில் உட்கார்ந்தவர்கள் பெயர்தான் நிறைய வரும். சாதாரண ஆள் ஒருவன் எந்த ஊரில் எதற்காகச் செத்தான் என்று பெயரோடு பதிவாகியிருக்கும் இடம் இந்த ரோட்டோரக் கற்கள்தான். எனக்கு இவற்றின் மேல் இவ்வளவு பிடிப்பு வந்ததற்கு அதுதான் காரணம்.

ஆளுக்கு மட்டும் இல்லை, கூட நின்ற பிராணிக்கும் அந்த மரியாதை கிடைத்திருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்பவன் எருமை மந்தையைக் காக்கப் போராடிச் செத்திருக்கிறான், அவனோடு இருந்த கோவிவன் என்ற நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று நாயின் பெயரையும் சேர்த்தே கல்லில் வெட்டியிருக்கிறார்கள், நாயின் உருவமும் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று இன்றைக்கு நமக்குத் தெரிகிறது, அந்த ஒரு கல்லால். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே கல் நட்டிருக்கிறார்கள், சேவல் உருவத்தோடு.

இந்த வழக்கம் எவ்வளவு பழையது என்று கேட்டால், தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்களில் வட்டெழுத்துக்கும் முந்தைய தமிழ் பிராமி எழுத்தே இருக்கிறது. அதில் ஒன்று கூடல் ஊர் ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த சண்டையில், இறந்த அந்தவன் என்பவனுக்கு வைத்த கல். கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். கல்லைத் தேர்ந்து பார்ப்பதிலிருந்து நட்டு வாழ்த்துவது வரை ஒவ்வொரு கட்டத்தையும் தொல்காப்பியம் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது. அகநானூற்றில் "பெயரும் பீடும் எழுதி அதர்தொறும் பீலி சூட்டிய பிறங்குநிலை நடுகல்" என்று வருகிறது. அதர்தொறும் என்றால் வழிகள் தோறும். வழிப்போக்கன் கண்ணில் படும்படி, அவன் பெயரைப் படித்துவிட்டுப் போகும்படி, பாதையோரமாகவே வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர்க் கல் ரோட்டோரம் நிற்பதற்கும் அந்தப் பழைய வழக்கத்துக்கும் தொடர்பு இருக்கலாம், இன்றைய ரோடு பழைய வண்டிப்பாதை மேலேயே போட்டதாக இருந்தால் இன்னும் அதிகம்.

சரி, எல்லாக் கல்லும் நடுகல் இல்லை. குழப்பம் வராமல் இருக்க மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்தது போல இருந்தால் அது சுமைதாங்கி. தலைச்சுமையோடு நடந்து வருபவர் யார் உதவியும் இல்லாமல், குனியாமல் சுமையை இறக்கி வைக்கும் உயரத்தில் இருக்கும். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வீட்டார் வைப்பது வழக்கம், இறக்கி வைக்க முடியாத சுமையோடு போய்விட்டாளே என்ற துக்கத்தில். சிலவற்றில் பெண்ணின் பெயரும் வருஷமும் வெட்டியிருப்பார்கள். யாழ்ப்பாணப் பக்கமும் இது உண்டு. தமிழ்நாட்டில் பஸ் வந்து, தலைச்சுமையாக நடக்கிற வழக்கம் குறைந்த பிறகு இவற்றுக்கு உபயோகம் போய்விட்டது, ரோடு வேலையில் முதலில் விழுவதும் இவைதான், ஏனென்றால் இதற்குப் பூசை கிடையாது, கேட்க ஆள் கிடையாது, பார்க்கிறவருக்கு வெறும் மூன்று கல். ஒரு குடும்பத்தின் துக்கம் அது என்று அந்த ஊரிலேயே பலருக்குத் தெரியாது.

உருவம் எதுவும் இல்லாமல் சூலம் மட்டும் செதுக்கியிருந்தால் சிவன் கோயில் நிலத்தின் எல்லைக்கல், சக்கரமோ வாமன உருவமோ இருந்தால் பெருமாள் கோயில் நிலம். ஆணும் பெண்ணும் சேர்ந்து நின்று பெண் ஒரு கையை உயர்த்திய மாதிரி இருந்தால் சதிக்கல்லாக, அதாவது கணவனோடு உடன்கட்டை ஏறியவளின் நினைவுக்கல்லாக, இருக்கலாம். வீரன் தன் கழுத்திலேயே கத்தி வைத்திருந்தால் அரிகண்டம், அதாவது வேண்டுதலுக்காகவோ அரசனுக்காகவோ தன்னையே பலி கொடுத்தவன். கொங்குப் பக்கம் புலியோடு சண்டை போடும் ஆள் உருவம் நிறைய, புலிகுத்திக் கல் என்பார்கள்.

தூரம் சொல்லும் கற்கள் தனி வகை. தருமபுரிப் பக்கம் அதியமான் பெருவழி என்ற பழைய நெடுஞ்சாலையில் நின்ற காதக்கல் (காதம் என்பது பழைய தூர அளவு) ஒன்றில் "நாவற்றாவளத்துக்குக் காதம் 29" என்று இருக்கிறது. தமிழ் எண்ணில் ௨௰௯ என்று எழுதியதோடு நிற்காமல், எழுத்துத் தெரியாதவர் தடவிப் பார்த்தே எண்ணிக்கொள்ளட்டும் என்று பெரிய குழி இரண்டும் சின்னக் குழி ஒன்பதும் வெட்டியிருக்கிறார்கள். பெரிய குழி ஒன்றுக்குப் பத்து. மாட்டு வண்டியில் உப்போ நெல்லோ ஏற்றிப்போகும், படிக்கத் தெரியாத வணிகனை மனசில் வைத்து 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஒருவர் யோசித்திருக்கிறார் பாருங்கள், அதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது. கோயம்புத்தூர் அருகே சுண்டக்காமுத்தூரில் பாறை மேலேயே இராசகேசரிப் பெருவழி என்று வழியின் பெயரை வெட்டி, சோழனை வாழ்த்தி ஒரு பாட்டும் எழுதியிருக்கிறார்கள், பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேர நாட்டுக்குப் போன பாதை அது. ஆங்கிலேயர் காலத்து மைல்கற்களிலும் தமிழ் எண் இருக்கும், புதுக்கோட்டைப் பக்கம் தமிழ் எண்ணும் ரோமன் எண்ணும் சேர்ந்தே கிடைத்திருக்கின்றன. ௧ என்ற எண் க மாதிரியும் ௭ என்ற எண் எ மாதிரியும் இருப்பதால் ஏதோ பெயரின் முதலெழுத்து என்று நினைத்துவிடுகிறார்கள், கவனித்துப் பாருங்கள். ஜி.டி.எஸ். என்று ஆங்கில எழுத்து வெட்டிய சின்னக் கல் என்றால் அது நில அளவைக் கல், 1802-இல் பரங்கிமலையை ஒட்டி லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அடிக்கோடு அளக்கத் தொடங்கிய அந்தப் பெரிய முக்கோண அளவைப் பணியின் (Great Trigonometrical Survey) பெயர்ச் சுருக்கம்தான் அந்த மூன்று எழுத்து.

நகரத்திலும் இப்படி உண்டு. சென்னை சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-இல் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தன் செலவில் ஒரு பாலம் கட்டினார். பழைய பாலம் போய், அதே இடத்தில் மறைமலை அடிகள் பாலம் வந்துவிட்டது, ஆனால் பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன் மூன்றிலும் எழுதிய அந்தக் கல் மட்டும் ரோட்டோரம் நின்றது. உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவரில் 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் குண்டு விழுந்ததைச் சொல்லும் கல் இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதிய பளிங்குப் பலகை பல ஊர்களில் பழைய சாவடிச் சுவரிலோ பள்ளிக்கூடச் சுவரிலோ சுண்ணாம்புக்கு அடியில் கிடக்கிறது. அதில் எண்ணிக்கைதான் இருக்கும், பெயர் இருக்காது. பெயர்கள் ஊரில் யாராவது தாத்தா பாட்டி வாயில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

இப்போது ஏன் நகர்த்தக் கூடாது என்பதற்கு வருகிறேன். காதக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 29 காதம் என்பது அந்தக் கல் நின்ற இடத்திலிருந்து 29 காதம். அது எங்கே நின்றது என்ற குறிப்பு இல்லாமல் ஒரு கட்டடத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, பெருவழி எந்தப் பக்கம் போனது என்று கண்டுபிடிக்கும் வழியே அடைபட்டுப் போகும். சூலக்கல்லும் அப்படித்தான், எல்லையை விட்டு எடுத்தால் கோயில் நிலம் எதுவரை இருந்தது என்ற சாட்சியம் போச்சு. நடுகல்லில் இது வெளியே தெரியாது, ஆனால் அங்கேதான் நஷ்டம் அதிகம். கல் எந்தத் திசை பார்த்து நிற்கிறது, சுற்றிலும் வேறு கற்கள் புதைந்திருக்கின்றனவா, பக்கத்தில் ஈமக்காடோ பழைய ஊர் இருந்த மண்மேடோ இருக்கிறதா, ஏரிக்கரை மேலா, மேய்ச்சல் நிலத்திலா, இரண்டு ஊர் எல்லையிலா, இதையெல்லாம் வைத்துத்தான் கல்லில் வரும் பழைய ஊர்ப்பெயர் இன்றைய எந்த ஊர் என்று தீர்மானிக்கிறார்கள். ஜேசிபி ஒரு தடவை தூக்கினால் இத்தனையும் ஐந்து நிமிஷத்தில் போய்விடும். அதோடு, கல்லின் அடிப்பாகம் மண்ணுக்குள் எவ்வளவு இருக்கிறது, அதிலும் எழுத்து இருக்கிறதா என்று தெரியாமல் இழுத்தால் உடையும்.

ஆக நீங்கள் செய்ய வேண்டியது முதலில் பதிவு. படம் எடுங்கள், ஆனால் உச்சி வெயிலில் எடுத்தால் எழுத்து தெரியாது. காலையிலோ சாயங்காலமோ வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது எடுங்கள், இல்லையென்றால் இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கத்திலிருந்து பிடித்து, ஒவ்வொரு பக்கமாக மாற்றி மாற்றி எடுங்கள், பகலில் கண்ணுக்கே தெரியாத கோடுகூட நிழல் விழுந்து எழும்பி வரும். அளவுக்கு ஒரு ஸ்கேல் பக்கத்தில் இருக்கட்டும். கல்லை மட்டும் எடுக்காமல், நாலு பக்கமும் தள்ளி நின்று ரோடு, மரம், கரண்ட் கம்பம் எல்லாம் தெரியும்படி எடுங்கள், போன் வரைபடத்தில் இருக்கும் அட்சரேகை தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள், கல் பார்க்கும் திசையையும் எழுதுங்கள்.

சுத்தம் செய்கிறேன் என்று கம்பி பிரஷ் போடாதீர்கள், ஆசிட் கூடவே கூடாது, எழுத்து தெரியட்டும் என்று பெயின்ட்டோ சுண்ணாம்போ தடவாதீர்கள், பெயின்ட்டில் ஒருவர் தப்பாக இழுத்த கோட்டைப் பிறகு வருபவர் எழுத்து என்றே படிப்பார். தண்ணீரும் தேங்காய் நார் மாதிரி மெதுவான ஒன்றும் போதும், கல் பொரிந்து உதிர்கிறது என்றால் அதுவும் வேண்டாம். மைப்படி எடுப்பது, அதாவது ஈரக்காகிதத்தைக் கல்லில் ஒட்டி பிரஷால் தட்டி மை ஒற்றி எடுப்பது, தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை, அவர்கள் வரட்டும்.

அப்புறம், கல்லுக்குப் பூசை நடக்கிறதா என்று கேளுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எண்ணெயும் மஞ்சளும் ஏறி எழுத்து மறைந்திருக்கலாம், அதற்காகக் கும்பிடுபவரிடம் போய் "இது சாமி இல்லை, வெறும் நினைவுக்கல்" என்று பேசத் தொடங்கினால் அவ்வளவுதான். சாமி என்பதால்தான் ஆயிரம் வருஷத்துக்கு மேல் அதை யாரும் துணி துவைக்கும் கல்லாகவோ வாசற்படியாகவோ ஆக்காமல் இருந்திருக்கிறார்கள். கோயில்காரரிடம் முதலில் பேசி, அவர்கள் அனுமதியோடு, அவர்களையும் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். ரோடு வேலை வரும்போது உங்களுக்கு முன்னால் போய் நிற்கப் போகிறவர்களும் அவர்கள்தான்.

வயசானவர்களிடம் கல்லைப் பற்றிக் கேட்டு, அவர்கள் சொல்வதைத் திருத்தாமல் அப்படியே போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். வில்லாளி உருவத்தைப் பஞ்சபாண்டவர் என்று சொல்வார்கள், ராஜா தேசிங்கு என்பார்கள், புதையல் இருக்கிறது என்பார்கள். கல்வெட்டோடு அது ஒத்துப்போகாமல் இருக்கலாம், இருந்தாலும் எந்தச் சாதிக்காரர் கும்பிட்டார், எந்த மாசம் படையல், எந்தக் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்து பொங்கல் வைக்கிறது என்ற தகவல் இதற்குள்ளேதான் வரும். புதையல் பேச்சை மட்டும் வெளியே பரப்பாதீர்கள். அதை நம்பி ராத்திரியில் கல்லைத் தோண்டிப் புரட்டுகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக் கல்லின் சரியான இடத்தைப் பொதுவெளியில் போடாமல் இருப்பதும் நல்லது.

இனி அதிகாரிகள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால் 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் 2010 திருத்தமும் பொருந்தும், சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். மாநிலத்துக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக உண்டு. ஆனால் ரோட்டோரத் தனிக்கற்கள் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இருக்காது, உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். விஏஓவிடம் எழுத்தில் கொடுங்கள், நகல் தாசில்தாருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும், மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும், அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கும். ரோடு வேலை எந்தத் துறையுடையது என்று பார்த்து, அதன் பொறியாளருக்கும் ஒன்று, சர்வே எண்ணும் சாலையின் கிலோமீட்டர் எண்ணும் போட்டு. கிலோமீட்டர் எண் ரொம்ப முக்கியம், பொறியாளரின் வரைபடத்தில் எல்லாமே அதை வைத்துத்தான் இருக்கும். கிராம சபையில் தீர்மானம் போட முடிந்தால் போடுங்கள், வாய்வார்த்தைக்கு இல்லாத பலம் அதற்கு உண்டு. வேலை தொடங்கும் முன்பே போனால் பல இடங்களில் வடிகாலையோ நடைபாதையையோ கொஞ்சம் வளைத்து, கல்லைச் சுற்றித் திட்டு கட்டிவிட முடியும், ஜல்லி கொட்டிய பிறகு போனால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

எடுத்தே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், தொல்லியல் துறை ஆள் வந்து பதிவு செய்து, அவர்கள் முன்னிலையில் எடுக்கட்டும். அதே ஊரில், அதே திசை பார்த்து, முடிந்த அளவு பக்கத்திலேயே நட முடியுமா என்று முதலில் கேளுங்கள். ஊரில் காக்க ஆள் இல்லை, திருட்டுப்போகும் என்றால் மாவட்ட அருங்காட்சியகம் சரியான இடம், தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நடுகற்களை அப்படிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இந்த விஷயத்தில் ஆய்வாளர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. என்னைக் கேட்டால், கும்பிடுகிற கல் ஊரிலேயே இருக்கட்டும், கேட்பாரற்றுக் கிடக்கும் கல் அருங்காட்சியகத்துக்குப் போகட்டும் என்பேன்.

கடைசியாக, போர்டு எதுவும் இல்லையே, நாமே ஒன்று வைக்கலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். நிலம் யாருடையதோ அவர்களிடம் அனுமதி வாங்கி வைக்கலாம், கல்லில் துளை போட்டோ சிமென்ட் பூசியோ இல்லாமல் இரண்டடி தள்ளித் தனிக் கம்பத்தில். எழுதும்போது "உலகின் முதல்", "தமிழகத்திலேயே பழமையான" மாதிரி எதையும் எழுதாதீர்கள், "3000 ஆண்டுகள் பழமை" என்று யாரோ சொன்னதையும் எழுதாதீர்கள், ஒரு தடவை இரும்பில் எழுதிவிட்டால் அடுத்த தலைமுறை அதைத்தான் ஆதாரமாகக் காட்டும். கல்லின் வாசகத்தை அப்படியே, அதன் கீழே இன்றைய தமிழில் பொருள், படித்தது யார், எந்த வருஷம், கல் முதலில் நின்ற இடம் எது. வாசகம் இன்னும் படிக்கப்படவில்லை என்றால் உருவத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதிவிட்டு, அடியில் நாலு வரிக்கு இடம் விடுங்கள், படித்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.